தொடக்கப்பள்ளியிலேயே இயற்கணிதம்: விரைந்து கற்கும் பிள்ளைகளுக்கு எப்படித் தொடங்குவது

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துத் தொடக்கப்பள்ளி எதில் நுழைந்தாலும், ஆசிரியர் கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிட்டு, மீதி நேரத்தைச் சன்னலுக்கு வெளியே பார்த்துக் கழிக்கும் ஓரிரு பிள்ளைகளைக் காணலாம். சமச்சீர்க் கல்விப் பாடநூலில் இயற்கணிதம் ஆறாம் வகுப்பில்தான் அறிமுகமாகிறது. நான்காம், ஐந்தாம் வகுப்பிலேயே அதற்கு ஆயத்தமான பிள்ளைகளை அதுவரை காக்க வைக்க வேண்டியதில்லை. அதற்காக ஆறாம் வகுப்பு நூலை அவர்கள் கையில் கொடுத்துவிட்டாலும் வேலை முடிந்துவிடாது.

முதலில் யாரைச் சேர்ப்பது என்று பார்க்க வேண்டும். நான் தொடங்கிய ஆண்டில் வாய்ப்பாட்டு வேகத்தை மட்டும் பார்த்துச் சேர்த்து ஏமாந்தேன். இப்போது ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்: 7 + 6 = □ + 4. கட்டத்தில் 13 என்று எழுதும் பிள்ளைக்குச் சமக்குறி என்பது 'விடையை எழுது' என்னும் கட்டளை. 17 என்று எழுதும் பிள்ளை கண்ணில் பட்ட எண்களையெல்லாம் கூட்டியிருக்கிறது. 9 என்று எழுதி, 'இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்' என்று காரணமும் சொல்லும் பிள்ளையே ஆயத்தமானது. தவறாக எழுதியவர்களை ஒதுக்கிவிட வேண்டாம். தட்டுத் தராசில் புளியங்கொட்டையை வைத்தும் எடுத்தும் இரண்டு வாரம் பழக்கினால் பலர் தெளிந்துவிடுவார்கள்.

மாறிக்கு, அதாவது தெரியாத எண்ணுக்குப் பதிலாக எழுதும் குறிக்கு, உடனே ஆங்கில எழுத்தைக் கொண்டுவர வேண்டாம். பாடநூலில் அடிக்கடி வரும் எக்ஸ், சிறுபிள்ளையின் கையெழுத்தில் பெருக்கல் குறியாகவே தோன்றும். 'க' என்றோ 'ம' என்றோ தொடங்கி, பிறகு ஆங்கில எழுத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

அடுத்து, பிள்ளைகளை ஒரு பழைய வீட்டின் வளவுக்கு (உள்முற்றத்துக்கு) அழைத்துச் செல்லுங்கள். இயலாவிட்டால் கட்டம் போட்ட நோட்டு போதும். பக்கத்துக்கு 5 ஆத்தங்குடிக் கல் (இந்த வட்டாரத்துச் சதுரத் தரைக்கல்) பதித்த ஒரு சதுரத் தரையைச் சுற்றி, ஒரு கல் அகலத்துக்கு வேறு நிறத்தில் பார்டர் பதிக்க எத்தனை கல் வேண்டும்? எண்ணினால் 24. பக்கத்துக்கு 'க' கல் என்றால்? ஒரு பிள்ளை நான்கு பக்கத்தையும் மூலைகளையும் தனித்தனியே பார்த்து 4க + 4 என்று எழுதும். இன்னொன்று ஒவ்வொரு பக்கத்தோடும் ஒரு மூலையைச் சேர்த்து 4(க + 1) என்னும். மற்றொன்று மூலைகளை இருமுறை எண்ணிவிட்டுப் பிறகு கழித்து 4(க + 2) − 4 என்று சொல்லும். யார் சொன்னது சரி என்ற சண்டை மூளும்போது ஆசிரியர் தீர்ப்புச் சொல்லாமல் இருப்பதே நல்லது. க-வுக்கு 5, 6, 10 என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, மூன்றும் ஒன்றுதான் என்று அவர்களே கண்டுகொள்ளட்டும். பங்கீட்டு விதியும் (4(க + 1) என்பதை 4க + 4 என்று விரிப்பது) ஒத்த உறுப்புகளைக் கூட்டுவதும் இந்த ஒரு தரையிலேயே அடங்கியிருப்பதால், இதற்கு நான் ஒரு மாதம்கூட ஒதுக்குவதுண்டு.

பிறகு கேள்வியைத் திருப்புங்கள். பார்டருக்கு 48 கல் செலவாயிற்று. உள்தரையில் எத்தனை கல்? 4க + 4 = 48 என்பதில் இருபக்கமும் 4-ஐ எடுத்து, இருபக்கத்தையும் 4 ஆல் வகுத்தால் க = 11; ஆகவே உள்ளே 121 கல். 50 கல் என்று கேட்டால் முழு எண் வராது; ஏன் வராது என்று யோசிக்க விடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு கண்டிப்பு வேண்டும். 'அந்தப் பக்கம் போனால் கூட்டல் கழித்தலாக மாறும்' என்னும் டியூஷன் சூத்திரத்தை முதல் ஆண்டில் அனுமதிக்காதீர்கள். அதைப் பிடித்துக்கொண்ட பிள்ளை விரைவாக விடை எழுதும்; ஆனால் 10 − க = 3 என்று கொடுத்தால் தடுமாறும்.

வட்டிக் கணக்கு இந்தச் சீமைக்குப் புதிதன்று. ஆயிரம் ரூபாய், மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால், 'ம' மாதத்தில் சேர்வது 1000 + 20ம. அது 1160 ஆக எத்தனை மாதம் என்று வீட்டில் ஐயாவிடமோ அப்பத்தாவிடமோ கேட்டுவரச் சொல்லுங்கள். மனக்கணக்காய் எட்டு என்று அவர்கள் சொல்லும் வழியைப் பிள்ளை எழுத்தில் கொண்டுவர வேண்டும். குறை எண்களுக்கும் (பூச்சியத்துக்குக் கீழான எண்களுக்கும்) வரவு, பற்று என்னும் இரண்டு சொற்களே நல்ல தொடக்கம்.

வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு நாற்பது நிமிடம் போதும். அதை வழக்கமான கணக்குப் பாடவேளையிலேயே தலைமையாசிரியர் ஒப்புதலுடன் நடத்துவது நல்லது, ஏனெனில் விளையாட்டு நேரத்தைப் பறித்தால் பிள்ளைக்கு இது தண்டனையாகிவிடும். பின்னத்தில் தடுமாறும் பிள்ளைக்கு இயற்கணிதத்தைச் சிறிது நிறுத்தி, பின்னத்தை முடித்துவிட்டுத் திரும்புங்கள். ஒவ்வொருவருக்கும் தனி நோட்டு இருக்கட்டும். ஐந்தாம் வகுப்பு முடிந்து வேறு பள்ளிக்குப் போகும்போது, எதுவரை முடித்திருக்கிறது என்று முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, அங்குள்ள கணக்கு ஆசிரியரிடம் காட்டச் சொல்லிப் பெற்றோரிடம் கொடுத்துவிடுங்கள்.