தலைவர்களுக்கும் வில்லங்கம் பார்க்கலாம்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டுப் பத்திரம் எழுதுகிறேன். 31 ஆண்டுகள் ஆகின்றன. ஐந்து சென்ட் புரையிடம், அதாவது வீட்டுமனை, வாங்க வருகிறவர்கூட முப்பது வருட வில்லங்கம் (அந்த நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாவற்றின் பட்டியல்) எடுத்துப் பார்க்கச் சொல்வார். மூலப்பத்திரம் எங்கே, பட்டா யார் பெயரில், வங்கியில் அடமானம் உண்டா, பங்காளி யாராவது கையெழுத்துப் போடாமல் விட்டிருக்கிறாரா என்று குடைவார். அதே மனிதர் மதியம் எதிர்க்கடையில் ரசவடையைப் பிய்த்துக்கொண்டே ஓர் அமைச்சரைத் திருடன் என்றும் இன்னொருவரைத் தங்கம் என்றும் அரை நிமிடத்தில் தீர்ப்பெழுதிவிடுவார். ஆதாரம் கேட்டால் கைபேசியைத் தூக்கிக் காட்டுவார்.

ஓர் அரசியல் அசிங்கம் வெளியே வந்தால் அதை எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரிந்த முறையை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, நிருபரும் இல்லை. காகிதம் படித்துப் பழகியவன், அவ்வளவுதான். எந்தக் கட்சியிலும் உறுப்பினர் அட்டை கிடையாது. மூன்று கட்சிக்காரர்களுக்குப் பத்திரம் எழுதியிருக்கிறேன். மூன்று பேரும் எழுத்துக்கூலியில் பேரம் பேசினார்கள்.

முதலில், விவகாரம் எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். முதல் தகவல் அறிக்கை என்பது, புகார் வந்ததைப் போலீஸ் எழுதிக்கொண்டது. எங்கள் தொழிலில் அது முன்பண ரசீது போல. குற்றப்பத்திரிகை என்பது விசாரித்தவர்கள் தங்கள் தரப்பை எழுதி நீதிமன்றத்தில் நீட்டிய வரைவு. நீதிபதி குற்றச்சாட்டைப் பதிவு செய்தால், விசாரிக்கிற அளவுக்கு விஷயம் இருக்கிறது என்று பொருள். தண்டனைத் தீர்ப்பு வந்தால்தான் பத்திரம் பதிவானது. அதன்மேலும் மேல்முறையீடு என்ற வில்லங்கம் ஏறலாம். செய்தி வாசிக்கிறவர் இந்த நான்கையும் ஒரே குரலில்தான் வாசிப்பார். பிரித்துக் கேட்பது நம் வேலை.

2ஜி விவகாரத்தை, அதாவது கைபேசி அலைக்கற்றை உரிமங்களை ஒதுக்கிய விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை வந்தபோது 1.76 லட்சம் கோடி என்ற எண் தமிழ்நாட்டில் குழந்தைக்கும் தெரிந்திருந்தது. அது உத்தேச இழப்பு. அதே அறிக்கையில் 57,666 கோடி என்று இன்னொரு கணக்கும் இருந்தது. ஊர் பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டது. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் டெல்லி சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுதலை செய்தது. சிபிஐ செய்த மேல்முறையீட்டை விசாரிக்க டெல்லி உயர் நீதிமன்றம் 2024இல் அனுமதி கொடுத்தது. ஒதுக்கீடு முறைகேடு என்று சொல்வது ஒன்று. இன்னார் குற்றம் செய்தார் என்று நிரூபிப்பது வேறொன்று. இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் இரு பக்கத்திலும் இருக்கிறார்கள். ஒரு பக்கம் இன்னும் 'கொள்ளை' என்கிறது, மறுபக்கம் உரிமங்கள் ரத்தானதையே மறந்துவிட்டது.

படி ஏறிய பிறகும் காகிதத்தைக் கையில் வைத்திருங்கள். ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கு 1996இல் தொடங்கியது. 2014 செப்டம்பரில் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் தண்டனை விதித்தது, 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்த விடுதலைத் தீர்ப்பில் கடன்களின் பட்டியல் ஒன்று உண்டு. கூட்டுத்தொகை 24.17 கோடி என்று போட்டிருந்தது. வரிசையாகக் கூட்டினால் 10.67 கோடிதான் வரும். கடனையும் வருமானத்தில் சேர்த்த அந்தக் கூட்டலை வைத்துத்தான் வருமானத்துக்கு மிஞ்சிய சொத்து 8.12 சதவீதம்தான், பத்து சதவீதம் வரை விட்டுவிடலாம் என்ற வரம்புக்குள் அடங்குகிறது என்று முடிவானது. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தி அவரோடு குற்றம் சாட்டப்பட்ட மற்ற மூவரின் தண்டனையை உறுதி செய்தது. ஜெயலலிதா இறந்து இரண்டு மாதம் கடந்திருந்ததால் அவர் மீதான வழக்கு அற்றுப்போனது. 21 ஆண்டுகள். தீர்ப்பு வந்த அன்று எங்கள் வராந்தாவில் பட்டாசும் அழுகையும் பற்றித்தான் பேச்சு. நான் அந்தக் கடன் பட்டியலைத் தேடி எடுத்து கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். பழக்கதோஷம்.

இனி, நீங்களே உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நிற்கிற ஒவ்வொருவரும் படிவம் 26 என்ற உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். 2002இல் உச்ச நீதிமன்றம் சொல்லி வந்தது அது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் தொகுதி பெயரைக் கொடுத்தால் கிடைக்கும். நிலுவை வழக்குகள், ஐந்தாண்டு வருமானம், அசையும் சொத்து, அசையாச் சொத்து, கடன், அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி எல்லாம் இருக்கும். எந்தக் கட்டத்தையும் வெறுமனே விடக்கூடாது என்று 2013இல் தீர்ப்பு உண்டு. ஒன்றும் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுத வேண்டும். பொய் எழுதினால் ஆறு மாதம் வரை சிறை என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது.

ஒரு பத்திரத்தைத் தனியாகப் படித்தால் பாதிதான் தெரியும். அதே ஆள் போன தேர்தலில் கொடுத்ததையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். போன முறை இருந்த நாற்பது சென்ட் ரப்பர் தோட்டம் இந்த முறை இல்லையா? விற்றிருந்தால் அந்தப் பணம் வங்கி இருப்பிலோ வேறு நிலத்திலோ தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணையும் கிராமத்தையும் எடுத்துக்கொண்டு பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பார்ப்பதற்குக் காசு கிடையாது. பல நேரம் செட்டில்மெண்ட், அதாவது குடும்பத்துக்குள் தானமாக எழுதிக்கொடுத்தது என்று வரும். படிவத்தில் தன் பெயர், மனைவி அல்லது கணவர் பெயர், இந்து கூட்டுக்குடும்பத்தின் பெயர், தன்னைச் சார்ந்திருப்பவர்கள் பெயர் ஆகியவற்றில் உள்ள சொத்தைத்தான் காட்ட வேண்டும். சம்பாதிக்கிற மகன் அந்தக் கணக்கில் வரமாட்டான். தேர்தலுக்கு ஆறு மாதம் முன்னால் மகன் மீது திடீரென்று பாசம் பொங்குகிற தகப்பன்களை என் மேசையில் பார்த்திருக்கிறேன். அது சட்டப்படி தவறில்லை. ஆனால் தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்து, விலை. அசையாச் சொத்தில் இன்றைய சந்தை மதிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. அதே சர்வே எண்ணுக்கு அரசின் வழிகாட்டி மதிப்பு (பத்திரப்பதிவுக்காக அரசு குறித்து வைத்திருக்கிற விலை) எவ்வளவு என்று பதிவுத்துறை தளத்திலேயே இருக்கிறது, பெரும்பாலும் சதுர அடிக்கு. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. பெருக்குங்கள். நம் மாவட்டத்தில் மெயின் ரோட்டோரம் வழிகாட்டி மதிப்புக்கு மேல்தான் விலை போகும் என்று எல்லோருக்கும் தெரியும். வேட்பாளர் எழுதிய சந்தை மதிப்பு வழிகாட்டி மதிப்புக்கும் கீழே கிடந்தால், கையில் பிடிபட்டது ஒரு நூல்முனை.

இங்கே நான் நல்லவன் வேடம் போட முடியாது. பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்ற வழக்கம் நம்மிடையே எவ்வளவு சாதாரணம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மீதிப் பணத்தை எண்ணத் தொடங்கும்போது நான் டீ குடிக்க எழுந்துபோய்விடுவேன். திரும்பி வரும்போது பை மூடியிருக்கும். அந்த டீக்கடையில் உட்கார்ந்துதான் ஊழலைப் பற்றி அதிகம் பேசியிருக்கிறேன்.

உங்கள் பஞ்சாயத்துச் சாலையின் கணக்கு வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். 'ஏன் இப்படி' என்று கேட்காதீர்கள். 'அளவுப் புத்தகத்தின் நகல் கொடுங்கள்' என்று கேளுங்கள்; செய்த வேலையை அளந்து குறித்து வைக்கிற பதிவேடு அது. 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவ வழி உண்டு. இருக்கிற காகிதத்தின் நகலுக்கு அவ்வளவு எளிதில் நழுவ முடியாது.

பிறகு மறுப்பு அறிக்கையைப் படியுங்கள். கேள்வி எதுவோ அதற்குப் பதில் வந்திருக்கிறதா என்பதுதான் சோதனை. நிலத்தைப் பற்றிக் கேட்டால் குடும்ப மானத்தைப் பற்றிப் பேசுகிறவர், ரசீதைக் கேட்டால் தியாகப் பரம்பரையைப் பேசுகிறவர், இவர்களிடம் ரசீது இல்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். 'சட்டப்படி சந்திப்பேன்' என்பது பதிலே இல்லை. சட்டம் கூப்பிட்டால் எல்லோரும் சட்டப்படிதான் சந்திக்க வேண்டும்.

ராஜினாமாவுக்கும் அளவுகோல் உண்டு. நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே 1956 நவம்பரில் அரியலூர் ரயில் விபத்து நடந்தது. லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டார். தண்டவாளத்தை அவர் போடவில்லை, ரயிலை அவர் ஓட்டவில்லை. அடுத்தது முந்த்ரா விவகாரம். எல்ஐசி பணம் ஒன்றேகால் கோடி ரூபாய் ஒரு தொழிலதிபரின் நிறுவனங்களில் முறை தவறிப் போடப்பட்டது. அதை நாடாளுமன்றத்தில் கிளப்பியவர் ஆளும் கட்சியைச் சேர்ந்த பெரோஸ் காந்தி, பிரதமர் நேருவின் மருமகன். நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்து ஒரு மாதத்துக்குள் முடித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி விலகினார். 1962இல் மீண்டும் அமைச்சரானார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒருவர் விலகினால் மூன்றைப் பாருங்கள்: தானாக விலகினாரா, தீர்ப்பு தள்ளியதா, எத்தனை நாளில் திரும்பி வந்தார்.

பிம்பத்துக்கு வருவோம். பூதப்பாண்டியில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவாவின் எளிமையையும், 1967இல் விருதுநகரில் தோற்ற காமராஜரை 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் ஜெயிக்க வைத்ததையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். என் அப்பா அந்த இடைத்தேர்தலில் ஓட்டுப் போட்டதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் எளிமை என்றால் எங்கள் ஊருக்கு உடனே மனம் இளகிவிடும். இது வேட்பாளர்களுக்கும் தெரியும். வேட்டியை மடித்துக் கட்டி, பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி டம்ளரில் டீ குடிக்கிற படம் பிரசாரத்தின் முதல் வாரத்திலேயே வந்துவிடும். அந்தப் படத்தை நான் பார்ப்பதில்லை. அவர் வந்திறங்கிய கார் உறுதிமொழிப் பத்திரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

கடைசியாக, ஊர் அதிகம் விரும்புகிற வகை. படுக்கையறை விவகாரம்.

எங்கள் சுசீந்திரத்தின் பெயரே அப்படி ஒரு விவகாரத்திலிருந்து வந்ததுதான். அகலிகையிடம் தவறு செய்து சாபம் வாங்கிய இந்திரன் நெய்யில் மூழ்கிச் சுத்தமான இடம் என்பது தலபுராணம். அந்தக் கதையின் நிழலில்தான் கைமுக்கு நடந்தது. ஒழுக்கம் கெட்டதாகப் புகார் வந்தவர் கோயிலில் கொதிக்கிற நெய்யில் கையை விட வேண்டும், வெந்தால் குற்றவாளி. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அதை நிறுத்தினார். கைபேசி வந்த பிறகு நாம் திரும்ப ஆரம்பித்துவிட்டோம். கதையில் இன்னொன்றும் கவனியுங்கள்: அகலிகை கல்லானாள், இந்திரன் பெயரில் ஊர் இருக்கிறது.

இந்த வகையில் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான். அந்தப் பெண்ணால் 'முடியாது' என்று சொல்லியிருக்க முடியுமா? அவர் அந்தத் தலைவரிடம் வேலை பார்த்தவரா, மனு கொண்டு போனவரா, கட்சியில் சீட்டுக்குக் காத்திருந்தவரா? ஆம் என்றால் அது அந்தரங்கம் இல்லை, அதிகார முறைகேடு, விடக்கூடாது. இல்லை, இரண்டு பெரியவர்கள் மனமொத்து நடந்தது என்றால் அது அவர் வீட்டுப் பிரச்சினை, என் ஓட்டுக்குச் சம்பந்தமில்லை. என் மனைவி இதை ஒத்துக்கொள்வதில்லை. வீட்டில் பொய் சொல்கிறவன் சட்டசபையில் உண்மை சொல்வானா என்பது அவள் கட்சி. அந்த வாதத்தில் நான் இதுவரை ஜெயித்ததில்லை. எப்படியானாலும் வீடியோவை அனுப்பாதீர்கள். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். ஆபாசப் படத்தை அனுப்பினால் நீங்களும் வழக்கில் வருவீர்கள்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்றால், இல்லை. 2022 பிப்ரவரி பேரூராட்சித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் எனக்கு ஓர் ஒலிப்பதிவு வந்தது. எங்கள் வார்டில் நின்ற ஒரு பெண், கான்ட்ராக்டர் ஒருவரோடு குழைந்து பேசுவதாகச் சொன்னார்கள். பாதிதான் கேட்டேன். மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். அவர் 19 ஓட்டில் தோற்றார். ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அது வேறு மாவட்டத்தில் வேறு யாரோ பேசியது, இரண்டு வருடம் பழையது. அதன்பிறகு அவருடைய உறுதிமொழிப் பத்திரத்தை எடுத்துப் படித்தேன். ஆறு சென்டில் வீடு, பதினொரு பவுன், கூட்டுறவு வங்கியில் நகைக்கடன். வழக்கு என்ற இடத்தில் 'இல்லை'. படிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவர் என் மேசைக்கு வந்தார், அந்த ஆறு சென்டை மகளுக்கு எழுதிக்கொடுக்க. வேறு மேசைகள் நாலைந்து இருந்தன. பத்திரத்தை அடித்து முடித்து, வரைவைப் படித்துப் பார்க்கக் கொடுத்தேன். அவர் விரலை வரிவரியாக வைத்துப் படித்தார். நான் தொண்டையைச் செருமி, அந்த ஒலிப்பதிவை நானும் அனுப்பினேன் என்று சொன்னேன்.

"தெரியும் அண்ணாச்சி" என்றார், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்கள் அனுப்பியதில் ஒன்று என் தங்கச்சி இருக்கிற குழு."

அடுத்த முறை நிற்பீர்களா என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. விரல் ஓர் இடத்தில் நின்றது.

"கதவு எண் சரியா என்று பாருங்கள்."

பார்த்தேன். 4/71 என்பதற்கு 4/17 என்று அடித்திருந்தேன்.