பெண்கள் கூட்டத்தில் கேத்தரின் சட்டனின் கதையைச் சொல்வது எப்படி

கோத்தகிரி, குன்னூர் பக்கம் உங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மிஷனெரி வரலாறு பேசும் முறை உங்களுக்கு வந்தால், இந்தத் தடவை கனடாவின் நாநிபாவிக்வேயை எடுத்துப் பேசுங்கள். ஒஜிப்வா பழங்குடிப் பெண், மெதடிஸ்டு ஊழியக்காரி, கேத்தரின் சட்டன் என்றும் பெயர்.

பிறப்பு, திருமணத்தை ரெண்டே வரியில் முடித்துவிடுங்கள்: 1824-ல் ஒன்டாரியோவின் கிரெடிட் ஆற்றங்கரையில் பிறந்தார், 1839-ல் இங்கிலாந்திலிருந்து குடியேறிய வில்லியம் சட்டனை மணந்தார். அப்புறம் நேராக நிலத்துக்கு வாருங்கள். ஓவன் சவுண்ட் பக்கத்துப் பழங்குடிகள் இவர்களுக்கு 200 ஏக்கர் கொடுத்தார்கள், காட்டைத் திருத்தி வீடு கட்டிப் பயிர் வைத்தார்கள், பிறகு ஊழியத்துக்காகச் சில வருடம் வெளியூரில் இருந்துவிட்டு 1857-ல் திரும்பினால், அரசு பழங்குடிகளின் நிலங்களோடு அந்த நிலத்தையும் சேர்த்து அளந்து விற்றுக்கொண்டிருந்தது.

இங்கே அவசரப்படாதீர்கள், கதையின் உயிரே இதுதான். தன் நிலத்தைத் தானே ஏலத்தில் வாங்கப் போனால், பழங்குடிப் பெண்ணுக்கு விற்க முடியாது என்றார்கள். சரி, நிலத்தை விட்டுக்கொடுத்ததற்காகப் பழங்குடிகளுக்கு அரசிடமிருந்து சேரவேண்டிய வருடாந்திரப் பணத்தையாவது கொடுங்கள் என்றால், வெள்ளைக்காரரைக் கட்டியவளுக்குப் பங்கு இல்லை என்றார்கள். இந்த ரெண்டு பதிலையும் அடுத்தடுத்து, மெதுவாகச் சொல்லுங்கள். அரை ஏக்கர் தேயிலைக்குப் பட்டா மாற்ற தாலுகா ஆபீசுக்கு நடந்தவர்கள்தான் எதிரே உட்கார்ந்திருப்பார்கள், நீங்கள் விளக்கவே வேண்டாம்.

1859-ல் பழங்குடிகளின் பொதுச்சபை அவரையே இங்கிலாந்துக்குத் தூது அனுப்பத் தீர்மானித்தது. நியூயார்க்கின் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் உதவ, வயிற்றில் பிள்ளையோடு கடல் தாண்டினார், 1860 ஜூன் 19 அன்று விக்டோரியா ராணியை நேரில் கண்டு முறையிட்டார், இங்கிலாந்திலேயே மகனைப் பெற்றார். தயவுசெய்து ராணியோடு கதையை முடிக்காதீர்கள், பலர் அங்கேதான் ஆமென் போடுகிறார்கள். சட்டன் குடும்பத்துக்கு நிலத்தை விலைக்கு வாங்க வழி கிடைத்தது, மற்றப் பழங்குடிகளுக்கு ஒன்றும் மாறவில்லை. அவரும் 1865-ல், நாற்பது வயதை ஒட்டி, இறந்துபோனார்.

உங்கள் கூட்டத்தில் இருளர், குறும்பர் குடும்பங்கள் இருந்தால், 2006 வன உரிமைச் சட்டப்படி கிடைக்கும் நில உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாக வேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். முடித்ததும் உடனே ஜெபத்துக்குப் போகாமல் பத்து நிமிஷம் விடுங்கள். யாருடைய மனு எந்த மேஜையில் கிடக்கிறது, கூடப் போய்க் கேட்க யார் வருவார்கள் என்று அங்கேயே பெயர் எழுதிக்கொள்ளுங்கள்.