தாடை எலும்புக்கு லேசர் வைக்கும்போது நடக்கும் தவறுகள்

தாடை உடைந்து பிளேட் வைத்துக்கொண்டவர்களும், பல் பிடுங்கிய குழி ஆறக் காத்திருப்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி: “லேசர் வைத்தால் எலும்பு சீக்கிரம் கூடுமாமே?” கூடலாம். ஆனால் முதல் தவறே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. உடைந்த முனைகள் சரியாகப் பொருந்த வேண்டும், அசையாமல் இருக்க வேண்டும், தொற்று இருக்கக்கூடாது. இந்த மூன்றும் அமைந்த பிறகு லேசருக்குக் கொஞ்சம் வேலை உண்டு. ஸ்க்ரூ தளர்ந்து ஆடுகிற தாடைக்கு எத்தனை முறை ஒளி காட்டினாலும் அது ஆடிக்கொண்டேதான் இருக்கும். எலிகளிலும் முயல்களிலும் எலும்பு வேகமாக வளர்வதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மனிதர்களில் நடந்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். ஒன்றில் கொடுத்த அளவு இன்னொன்றில் இல்லை.

இது வெட்டுகிற, சுடுகிற லேசர் அல்ல. 1967 வாக்கில் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், முடி மழித்த எலிகள்மீது குறைந்த திறனுள்ள ரூபி லேசரைப் பாய்ச்சினார். அந்த எலிகளுக்கு முடி வேகமாக முளைத்தது. கதை அங்கே தொடங்குகிறது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா இந்த ஒளியை உறிஞ்சிக் கூடுதல் ஆற்றல் தயாரிக்கிறது என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். சூடு இதில் முக்கியமே இல்லை. நோயாளி “சுடுதே” என்றால் ஏதோ தவறு என்று அர்த்தம்.

அதிகம் சொதப்புவது அளவில்தான். “5 நிமிஷம் வைத்தேன்” என்பது அளவே ஆகாது. 100 மில்லிவாட் கருவியை 40 விநாடி வைத்தால் 4 ஜூல் ஆற்றல். அந்த 4 ஜூல் அரை சதுர சென்டிமீட்டரில் விழுந்தால், சதுர சென்டிமீட்டருக்கு 8 ஜூல். அதே ஒளி அதில் ஐந்தில் ஒரு பங்கு இடத்தில் குவிந்தால் 40 ஜூல். கருவியும் நேரமும் மாறவில்லை. திசுவுக்குப் போன அடர்த்தி மட்டும் ஐந்து மடங்கு. அதனால் திறன், நேரம், பரப்பு, அலைநீளம், எத்தனை புள்ளிகள் என்று எல்லாவற்றையும் எழுதி வைக்காத சிகிச்சையை இன்னொருவர் திரும்பச் செய்யவே முடியாது.

“கொஞ்சம் கூடவே வைத்தால் என்ன?” என்பது அடுத்த ஆசை. இந்த ஒளிக்கு ஒரு விசித்திர குணம் உண்டு: குறைந்தால் பலன் இல்லை, சரியாக இருந்தால் தூண்டும், அளவு மீறினால் செல்களை மந்தமாக்கிவிடும்.

கை வைக்கிற விதத்தையும் பாருங்கள். கருவியின் முனையைத் தோலிலிருந்து ஒரு விரல் தள்ளிச் சாய்த்துப் பிடித்தால், ஒளியில் ஒரு பகுதி பட்டுத் தெறித்துப் போய்விடும். புண் இல்லாத இடத்தில் செங்குத்தாகத் தொட்டு லேசாக அழுத்துவது நல்லது. ரத்தம் விலகி ஒளி ஆழமாகப் போகும். தொற்றைத் தடுக்க முனையில் சுற்றும் பிளாஸ்டிக் உறையும் கொஞ்சம் ஒளியைத் தின்னும். கருவி பழையதாகிவிட்டால் திரை 100 என்று காட்டும், முனையில் அவ்வளவு வராது. மீட்டர் வைத்து அவ்வப்போது அளந்து பார்க்காத இடங்கள் நிறைய.

660 நானோமீட்டர் சிவப்பு ஒளி பளிச்சென்று தெரியும். ஈறுக்கும் மேல் திசுவுக்கும் அது போதும். கீழ்த்தாடையின் பின்பகுதியிலோ, தோலுக்கும் எலும்புக்கும் நடுவே தடித்த மெல்லும் தசை இருக்கிறது. அங்கே 808, 830 போன்ற அகச்சிவப்புதான் ஆழமாகப் போகும். அது கண்ணுக்குத் தெரியாது. “லைட்டே வரலையே, மெஷின் ஓடுதா?” என்று எட்டிப் பார்ப்பவர்களும் உண்டு! தெரியாத ஒளிக்குக் கண் இமைக்காது. அது நேரே விழித்திரைக்குப் போய்ச் சேரும். இமைகளை மூடிக்கொள்வதும் போதாது. அந்த அலைநீளத்துக்கென்றே உள்ள கண்ணாடியை மருத்துவர், உதவியாளர், நோயாளி மூவரும் போட வேண்டும். சாதாரணக் கூலிங்கிளாஸ் இதற்கு உதவாது.

தாடையில் காரணம் தெரியாத வீக்கமோ ஆறாத புண்ணோ இருந்தால், அதன்மேல் லேசர் வைப்பது பெரிய தவறு. முதலில் பயாப்ஸி, அதாவது சிறு திசுத்துண்டை எடுத்துப் பரிசோதிப்பது. புற்றுக்கட்டிக்கு நேர்மேலே இந்த ஒளியைப் பாய்ச்சக்கூடாது என்பது பொதுவான எச்சரிக்கை. ஆனால் கதிர்வீச்சு சிகிச்சையில் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க இதே ஒளி பரிந்துரைக்கப்படுகிறது என்பதும் உண்மை. அது புற்றுநோய்க் குழு கணக்குப் போட்டுச் செய்கிற வேலை; அதைச் சாக்காக வைத்து வீட்டில் முயலக்கூடாது. ஒளியால் தோல் எளிதில் பாதிக்கப்படும் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நோயாளிகள் செய்யும் தவறு வேறு. இரண்டு மூன்று அமர்வுகளில் வலியும் வீக்கமும் குறையும்; உடனே கடினமானதைக் கடிக்கத் தொடங்கிவிடுவார்கள். வலி போனது வேறு, எலும்பு கூடியது வேறு. தாடை முறிவு ஓரளவு பிடிக்கவே பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். எக்ஸ்ரேயில் முழுதாக நிரம்பித் தெரிய மாதங்கள் ஆகும். இதற்கு நடுவில் பற்கள் முன்புபோலப் பொருந்தாமல் போனாலோ, தையல் அருகே சீழ் கசிந்தாலோ, முறிந்த இடம் ‘கிளிக்’ என்று அசைந்தாலோ, அடுத்த லேசர் நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றே அறுவை செய்த டாக்டரிடம் காட்டுங்கள்.