பின்பக்க 'டொக்' சத்தம்: காரணம் ஸ்பிரிங்
சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் காரின் பின்பக்கம் 'டொக்'கென்று ஒரு சத்தம், ஆள் ஏறினால் ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகத் தாழ்ந்தது. ஷாக் அப்சார்பரை மாற்றினேன், போகவில்லை. புஷ்களையும் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறைகள்) பார்த்தாயிற்று, நன்றாகவே இருந்தன.

அப்புறம் சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்துத் துடைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: ஸ்பிரிங்கின் அடிச்சுற்று, ரப்பர் இருக்கைக்குள் மறைந்திருக்கும் இடத்தில் துருப்பிடித்து ஒடிந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் முழுசாகத்தான் தெரியும். மண்ணும் ஈரமும் அங்கேதான் தேங்குகிறது.

என் காரில் பின்பக்கம் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்), ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. முன்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பாடியை ஸ்டாண்டில் நிறுத்தி, பீமுக்கு அடியில் ஜாக்கி வைத்து, இரண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டையும் கழற்றி, பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் குழாய்) இழுபடாதபடி மெதுவாக இறக்கினேன். ஸ்பிரிங் கையோடு வந்துவிட்டது. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றினேன், ஒன்றை மட்டும் மாற்றினால் உயரம் ஒத்துவராது.

புது ஸ்பிரிங்கின் நுனி ரப்பரில் உள்ள தடுப்பைத் தொட்டு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சுழன்று மறுபடி சத்தம் போடும். ஷாக்கின் போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான். தொங்கும்போதே இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். சத்தம் போயே போச்சு, பெரிய நிம்மதி.