பழைய பன்னீர் ரோஜாவைத் தேடிப் பிடிப்பது எப்படி?

நர்சரியில் பன்னீர் ரோஜா கேட்டால் மணக்கிற இளஞ்சிவப்புச் செடி எதையாவது எடுத்து நீட்டுவார்கள், பெயரை நம்பாதீர்கள். எந்த ரோஜா என்று அடையாளம் காணப் பூவை மட்டும் படம் எடுத்தால் போதாது; மொட்டு, முள், இலைக்காம்பின் அடியில் ஒட்டியிருக்கும் செதில் எல்லாம் வேண்டும். அந்தச் செதில் சீப்புப்பல் மாதிரி கிழிந்திருந்தால் அது பெரும்பாலும் மல்டிஃப்ளோரா, ஒட்டுக் கட்ட வேராக வைக்கும் காட்டு ரோஜா; அதாவது மேலே கட்டிய ஒட்டு செத்து வேர்ச்செடி தழைத்துவிட்டது.

பன்னீர் ரோஜா என்று பலர் சொல்லும் நம் ஊர் எட்வர்ட் ரோஜா, இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் கலந்து பிறந்த போர்பன் இனம். அதனால் ஒரே பருவத்தோடு நிற்காமல் திரும்பத் திரும்பப் பூக்கும். வாசனையை வெயில் ஏறும் முன் பாருங்கள்.

சரி, எங்கே தேடுவது? பழைய வீட்டுக் கொல்லை, கல்லறைத் தோட்டம். கேட்டுவிட்டு, பென்சில் கனத்தில் ஒரு குச்சி வெட்டி நடுங்கள்.