புளியங்கொட்டையும் எல்க் மானும்: கண்ணில் படாததையும் சேர்த்து எண்ணுவது எப்படி

காட்டில் மான் எத்தனை என்று யாராவது கேட்டால், பார்த்ததை மட்டும் எண்ணிச் சொல்லிவிடாதீர்கள். புதருக்குள் படுத்திருந்ததையும் சேர்த்தால்தான் அது காட்டின் கணக்கு.

முதலில் வீட்டிலேயே செய்து பாருங்கள். தாயம் ஆடுவதற்குப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்குவோமே, அதேபோல் 50 கொட்டையைத் தேய்த்து, தேய்க்காத கொட்டைகள் கிடக்கிற பானையில் போட்டு நன்றாகக் குலுக்கி, பார்க்காமல் 60 அள்ளுங்கள். 12 வெள்ளை வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒன்று. பானை முழுக்கவும் அதே விகிதம் என்றால் மொத்தம் 250. இந்தக் கணக்கு கொஞ்சம் கூட்டிக் காட்டும். அதனால் 50, 60, 12 மூன்றோடும் ஒவ்வொன்று கூட்டிக்கொண்டு, 51-ஐ 61-ஆல் பெருக்கி, 13-ஆல் வகுத்து, ஒன்றைக் கழியுங்கள். 238 வரும். இதுதான் சாப்மன் திருத்தம்.

அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைப் பகுதியில் எல்க் என்கிற பெரிய மான் அழிந்தே போயிருந்தது. 2001லும் 2002லும் 52 எல்க் கொண்டுவந்து, கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி விட்டார்கள். அப்போது எண்ணுவது சுலபம். கன்று போட்டுப் பெருகியதும் பட்டையில்லாதவை கூடிவிடும், அப்புறம் புளியங்கொட்டைக் கணக்குதான்.

ஆனால் மான் கொட்டை மாதிரி கலந்து கிடக்காது. பெட்டையும் கன்றும் கூட்டமாக மேயும், கிடா பெரும்பாலும் தனியாக ஒதுங்கும். இரண்டையும் சேர்த்து ஒரே கணக்கில் போட்டால் தப்பாகிவிடும், தனித்தனியாகப் போடுங்கள். பட்டை போட்டதில் செத்தது எத்தனை என்று பார்த்துக் கழிக்க மறக்காதீர்கள், இதை விட்டவர்களுக்கு இல்லாத மான் எல்லாம் கணக்கில் வந்து நிற்கும்.

பட்டையே இல்லாமலும் எண்ணலாம். மதுரைப் பக்கம் சாப்டூர் மலையில் நமக்கு எல்க் இல்லை, மிளா உண்டு. இரண்டுக்கும் முறை ஒன்றுதான். வனத்துறை அனுமதியோடு போய்ப் புழுக்கை பொறுக்க வேண்டும். எண்ணெய் தடவினாற்போல் பளபளக்கிற, இன்னும் ஈரம் காயாத புழுக்கையாகப் பாருங்கள். அந்த வழவழப்பில்தான் குடலின் செல் ஒட்டியிருக்கும், டிஎன்ஏ அதிலிருந்துதான் கிடைக்கும். கையால் தொடாமல், குவியலுக்கு ஒரு புதுக் குச்சியால் எடுத்துத் தனித்தனிக் குப்பியில் போடுங்கள். ஐப்பசி மழையில் போனால் எல்லாம் கழுவிப் போயிருக்கும், தை பிறந்ததும் போங்கள். சில நாள் விட்டு மறுபடி போகும்போது கிடைத்த புழுக்கை அதே மிளாவுடையது என்று டிஎன்ஏ காட்டினால், அதுதான் உங்கள் வெள்ளைக் கொட்டை.

விடையை 238 என்று ஒற்றை எண்ணாக எழுதாதீர்கள். 12 வெள்ளையை வைத்துச் சொன்னால் உண்மை எண் ஏறக்குறைய 140 முதல் 335 வரை எங்கேயும் இருக்கலாம். இடைவெளி குறைய வேண்டுமானால் இன்னும் நிறைய அள்ள வேண்டும்.