நாயின் டியூ கிளா நகம்: எடுக்கணுமா, விடலாமா?

முன்காலின் உள்பக்கம், தரையில் படாமல் சற்று மேலே இருக்குமே, அந்த நகம்தான். 'எங்காவது மாட்டிக் கிழியும்' என்று பயந்து எடுக்க அவசரப்பட வேண்டாம். லேசாக ஆட்டிப் பாருங்கள். முன்காலில் அது எலும்போடு உறுதியாக இருக்கும். ஓட்டத்தில் சட்டென்று திரும்பவும், கடிக்கிற பொருளைப் பிடித்துக்கொள்ளவும் உதவும். அதை எடுப்பதென்றால் ஒரு விரலையே வெட்டுவதுதான்.

பின்காலில் தோலோடு மட்டும் தொங்கினால் கதை வேறு. அடிக்கடி சிக்கிக் காயமானால், கருத்தடை அறுவையின்போது அதே மயக்கத்தில் எடுத்துவிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். (கிரேட் பிரனீஸ் நாய்க்குப் பின்காலில் இரட்டையாக இருப்பதே இயல்பு!)

மற்றபடி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டிவிடுங்கள். தரையில் தேயாததால் விட்டால் சுருண்டு சதைக்குள் ஏறிவிடும். முடி அடர்ந்த நாய் என்றால் விலக்கிப் பார்த்தால்தான் தெரியும்.